நாற்பத்திரண்டாவது பறவை

என் ஆருயிர் நண்பனும், என் ஒரே தங்கையின் கணவனும், பருத்திப்பட்டுக் கொல்லைப்புறங்களின் சக்கரவர்த்தியும், போன செவ்வாய்க்கிழமை முதல் என் பரம்பரை எதிரியுமான மாப்பிள்ளை ஏகாம்பரத்துக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இப்போது எனக்கு மனமில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் உனக்காக நான் விட்ட கண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் நம் ஏரிக்கு இன்னொரு மதகு கட்ட வேண்டியிருந்திருக்கும். அத்தனையும் வீண் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரகசியமாக எழுதவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நாலு பேர் நடுவில் என்னைப் பொய்யனாக்கியவன் நீ. ஆகவே நாலு பேர் நடுவிலேயே கேட்கிறேன்: ஏன்டா அப்படிச் செய்தாய்?

படிப்பவர்களுக்கு முதலில் நம் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நீ குறுக்கே பேசாதே. போன ஒரு வருஷமாகத்தான் உனக்கு அந்த நல்ல பழக்கம் வந்திருக்கிறது.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நானும் நீயும் பரிசோதனைப் பிரிவு. பக்கத்துப் பக்கத்து மேஜை, முப்பத்து நாலு வருஷம். ஒரு திருகாணியாக இருந்தாலும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருவன் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். அடுத்தவன் மறுபடி பார்த்துவிட்டு அதன் கீழே "பார்த்தேன்" என்று போடுவான். இரண்டு பேர் பார்க்காத பொருள் இந்த உலகத்தில் இல்லவே இல்லை என்று நம்பியே நமக்கு முடி நரைத்தது.

உன்னை என் தங்கை மல்லிகாவுக்குக் கட்டி வைத்ததும் அதே முறையில்தான். நான் பார்த்தேன், என் அப்பா பார்த்தார், நீ தேறினாய். மூன்றாவதாக ஒருவரிடமும் காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்றதும் என் பிள்ளைகள் எனக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கொண்டிருப்பார் என்ற நப்பாசை. நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொல்லையில் நடந்ததைப் பார்த்து, வயிற்றெரிச்சல் தாங்காமல் மூன்றாம் நாளே நீயும் ஒன்று வாங்கினாய். இல்லை என்று சொல்லிவிடு, பார்க்கலாம்.

ஊரெல்லாம் பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனது. நாம் போகவில்லை. நம் இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருக்கும் இடுப்புயரச் சுவரின் இந்தப் பக்கம் எனக்கொரு நாற்காலி, அந்தப் பக்கம் உனக்கொரு நாற்காலி. தானாக வீடு தேடி வருகிற பறவைகள் மட்டும்தான் நம் கணக்கு என்று சபதம் செய்தோம். உன் நாவல் மரம், என் முருங்கை, வாழைக்கு நடுவே மண்சட்டியில் தண்ணீர். அமேசான் காட்டுக்கு அடுத்தபடியாக உலகம் வியக்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் டீக்கடையில் சொல்லிவந்தேன். அமேசான் காடு கொஞ்சம் சின்னது என்றுகூட ஒருமுறை சொன்னதாக ஞாபகம்.

பழைய தொழிற்சாலை ரிஜிஸ்தர் ஒன்றில் பட்டியல் போட்டோம். வரிசை எண், பறவையின் பெயர், அதன் எதிரில் இரண்டு "பார்த்தேன்". முதல் பறவை காக்கை. இரண்டு பேரும் அதைத் தீர விசாரித்து, முன்னும் பின்னும் பார்த்து, பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டோம்.

பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த அந்தப் பறவை வந்த வாரம் நினைவிருக்கிறதா? நான் அதைக் கழுகின் கள்ள மகள் என்றேன். நீ கானாங்கோழி என்றாய். பதினோரு நாள் புத்தகத்தைப் புரட்டினோம். கடைசியில் பார்த்தால் அது பெண் குயில். அறுபது வருஷம் குயில் கூவுவதைக் கேட்டு வளர்ந்த இரண்டு கிழவர்களுக்குக் குயிலின் பெண்டாட்டியைத் தெரியவில்லை! சுவரில் கை ஊன்றிக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் உன் பல்செட்டு வாழைப்பாத்தியில் விழுந்தது.

இருபத்தொன்பதாவது பறவை கூகை ஆந்தை. பூட்டிக் கிடந்த மூன்றாவது வீட்டு சன்ஷேடுக்கு மேலே, முகத்தை இதய வடிவத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி இரண்டு குஞ்சுகள். நான்தான் முதலில் பார்த்தேன். படமெடுத்து, தெரு அடையாளத்தோடு பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் தேர்த் திருவிழா தோற்றது. கொரட்டூரிலிருந்து வேப்பம்பட்டு வரைக்கும் இருக்கிற கேமரா அத்தனையும் நம் தெருவில் நின்றன. அன்றைக்கு நான் கலெக்டர், மந்திரி, திருமணத்தில் பெண்ணின் தாய்மாமன், மூன்றும் சேர்ந்த ஆள். அந்தக் கதையின் பாக்கியைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாற்பத்தொன்று வரை வந்துவிட்டோம். அடுத்த கோடையில்தான் நாவல் மரத்தில் அது வந்து உட்கார்ந்தது.

"மாப்ளே, ஓடியா! நாவ மரத்துல இன்னாவோ குந்திகினு கீது. வாலு மட்டும் ஒரு முழம்!"

நீ பனியனோடு வந்தாய். மரத்தைப் பார்த்தாய். சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"செம்போத்து மச்சான்."

"டேய், செம்போத்துக்கு ஒடம்பு கறுப்பு, ரெக்க செவப்பு. இதுக்கு ஒடம்பு செவப்பு, தலதான் கறுப்பு. ரெக்கைல வெள்ள வேற கீது. அப்டியே உல்ட்டாவா கீதுடா!"

"வெயில்ல உல்ட்டாவாத்தான் தெரியும். மொதல்ல கண்ணாடிய மாத்து."

நான் கேமராவைத் தூக்குவதற்குள் உனக்கு இருமல் வந்தது. மூன்று தெருவுக்குக் கேட்கிற இருமல். அது பறந்துவிட்டது. என்னிடம் மிஞ்சியது ஒரே படம். ஒரு கிளை, கிளைக்குப் பின்னால் ஒரு வால் நுனி.

"இது முருங்கக்கா மச்சான்," என்று நீ தீர்ப்புச் சொன்னாய். ரிஜிஸ்தரில் நாற்பத்திரண்டு என்று எழுதி வைத்திருந்தேன். அதன் எதிரில் நீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாய். இரண்டு பேர் பார்க்காதது இல்லாதது. சட்டம் சட்டம்தான் என்று நானும் அடங்கினேன்.

இரண்டு கோடை, மாப்ளே. இரண்டு கோடையும் நான் அந்த வாலைத் துரத்தினேன். நான் பார்க்கும்போதெல்லாம் உனக்கு இருமல் வரும், அல்லது வாளி கால் தட்டி உருளும், அல்லது தெருவே அதிரும்படி மல்லிகாவைக் கூப்பிடுவாய். ஒவ்வொரு முறையும் நான் கத்துவேன், நீ செம்போத்து என்பாய். விஷயம் டீக்கடைக்குப் போயிற்று. கொண்டுபோனது நீதான். கடைக்காரர் க்ளாஸை வைக்கும்போதே, "செம்போத்து மாமா, சக்கர போட்டா போடாமலா?" என்பார். பேரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர்கூட, "இன்னா செம்போத்து மாமே, எப்டி கீற?" என்று கேட்டுவிட்டுப் போனான். பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தவறான கையெழுத்துப் போடாத கோதண்டத்துக்கு ஒரு செம்போத்தைக்கூட அடையாளம் தெரியாது என்று ஊர் முடிவு கட்டியது. நானும் இரண்டு தரம் கண்ணாடியை மாற்றினேன். என் கண்ணையே நான் நம்பாமல் போனேன். அதுதான் உன் சாதனை.

இன்னொன்று. உன் குளியலறை ஜன்னல் பக்கத்திலிருந்து அடிக்கடி யாரோ, "கோ... கி... லா!" என்று கூப்பிடுவது கேட்கும். யாரடா அது என்று கேட்டேன்.

"பின்னாடி தெருவுல ஒரு அம்மா மச்சான். ஊட்டுக்காரரு கூப்டுகினே இருப்பாரு."

நான் நம்பினேன். ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டும் அந்த அம்மா ஏன் பதில் சொல்லவே மாட்டேன் என்கிறாள் என்று அந்த முகம் தெரியாத கணவனுக்காகப் பரிதாபப்பட்டேன்.

போன சித்திரையில் ஒரு காலை. நீ மண்சட்டிக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம், கேமராவும் கையுமாக. நாவல் மரத்தில் ஒரு அசைவு. அதே நேரம் உன் பக்கம் வாளி விழுந்து உருண்டது. "டேய், சத்தம் போடாதடா!" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன்.

அன்றைக்கு வாளியோடு நீயும் விழுந்திருந்தாய். நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். இந்த ஒரு வருஷமாக நான் எதை நினைத்து அழுதேன் என்று இப்போது புரிகிறதா உனக்கு?

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உன் வருஷத் திதிக்கு மூன்று நாள் முன்னால் உன் மகள் பிரியா என்னைத் தேடி வந்தாள். கையில் உன் பழைய லேப்டாப். முகம் சரியில்லை.

"மாமா, அப்பா லேப்டாப்ப க்ளீன் பண்ணலாம்னு எடுத்தேன். உள்ள ஒரு ஃபோல்டர் இருக்கு. கோகிலான்னு பேர் போட்டிருக்கு."

"கோகிலாவா?"

"நூத்தி அறுபத்து மூணு போட்டோ மாமா. நான் தொறக்கல. பயமா இருக்கு. அம்மாவுக்குத் தெரியாது."

என் தலையில் நாவல் மரமே விழுந்தது. குளியலறை ஜன்னல், பின்னாடி தெரு, ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பாடு, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நானும் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பின் தெருவுக்குப் போனேன். என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்த அந்த மாபாதகியை நேருக்கு நேர் சந்தித்து ஆயிரம் கேள்வி கேட்பது என் திட்டம்.

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்திருந்த பெண்களிடம் விசாரித்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோகிலான்னு இந்தத் தெருவுல யாரும் இல்லியே. இன்னா மாமா, இந்த வயசுல?"

அந்த அவமானத்தையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஃபோல்டரைத் திறந்தேன். முதல் படத்தில் ஒரு கிளை. கிளையில், கருந்தலையும் செங்காவி உடம்பும், வெள்ளைப் பட்டை போட்ட இறக்கையும், நுனி கறுத்த சாம்பல் வாலுமாக, சிற்பி செதுக்கி வைத்தது மாதிரி அது உட்கார்ந்திருந்தது. என்னுடைய பறவை! அடுத்த படத்திலும் அதுதான். முட்களும் குச்சிகளுமாக ஒரு கூடு, கூட்டில் நாலு வாய். வாய்க்குள் ஓணானைத் திணிக்கும் தாய். எல்லாம் உன் குளியலறை ஜன்னலிலிருந்து எடுத்தவை. ஒரு படத்துக்கு அடியில் நீயே தட்டித் தட்டி எழுதியிருந்தாய்: "வால்காக்கை. கோகிலா, கோகிலா என்று கூப்பிடும்."

மாப்ளே, உண்மையைச் சொல்லட்டுமா? அது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். மனுஷன், சபலம், என்னவோ என்று ஒரு காரணம் சொல்லி மல்லிகாவிடமிருந்து மறைத்தும் இருப்பேன். இது பறவை! என் பறவை!

அதைவிடக் கொடுமை ஒன்று. நூற்று அறுபத்து மூன்றில் பதினோரு படங்கள் என்னுடையவை. வாயைப் பிளந்துகொண்டு தப்பான கிளையைக் குறிபார்த்து நிற்கிறேன். என் தலைக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், அது உட்கார்ந்து என் வழுக்கையைப் பார்க்கிறது. இதை எடுத்தபோது நீ சிரித்தாயா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குயிலின் பெண்டாட்டிக்குச் சிரித்த அதே சிரிப்பா?

பிரியாவிடம், "பயப்படாத, பறவதான்," என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படம் அத்தனையையும் என் செல்போனுக்கு மாற்றிக்கொண்டேன். திதி முடிந்து சொந்தபந்தம் கூடியிருக்கும்போது எல்லாவற்றையும் குரூப்பில் கொட்டுவது என்று முடிவு செய்தேன். மரம், தெரு, ஜன்னல், ஒன்று விடாமல். நாற்பத்திரண்டாவது பறவையைக் கண்டவன் கோதண்டம், அதைப் புதைத்தவன் ஏகாம்பரம் என்று உலகம் அறியட்டும்.

வெள்ளிக்கிழமை உன் திதி. வேப்பம்பட்டிலிருந்து உன் அண்ணன் வந்திருந்தார். உன் படத்துக்குப் படையல் போட்டு, காக்கைக்கு இலைத் துண்டில் சோறும் பருப்பும் வடையும் எடுத்து நம் சுவர்மேல் வைத்தாள் மல்லிகா. "கா... கா..." என்று கூப்பிட்டோம். ஒரு காக்கை இல்லை. நம் ரிஜிஸ்தரின் முதல் வரிசையில் இருக்கும் காக்கை, நாள் முழுக்க முருங்கையில் சண்டை போடும் காக்கை, அன்றைக்குப் பார்த்து ஊரைக் காலி செய்துவிட்டது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. உள்ளே இலை போட முடியாமல் எல்லோரும் பசியோடு நின்றார்கள்.

"இன்னா கொற வெச்சேன்னு தெரியலியே," என்று மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அப்போது நாவல் மரத்திலிருந்து அது இறங்கியது. அலை அலையாக, வாலை இழுத்துக்கொண்டு வந்து சுவரில் உட்கார்ந்தது. எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. முதலில் வடையை எடுத்தது. உனக்கும் வடைதானே முதலில்?

"இன்னாப்பா இது, காக்காவே இல்லியே?" என்றார் உன் அண்ணன். "இது செல்லாது. காக்கா எடுக்காம எப்டி எல போடறது?"

மல்லிகாவின் அழுகை பெரிதாயிற்று. என் சட்டைப்பையில் செல்போன். இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. ஆனால் வாயைத் திறந்ததும் நான் திட்டம் போட்ட எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்:

"காக்காதாண்ணே. வால்காக்கா. பேர்லயே காக்கா கீது. அதோட பங்காளிதான் இது."

கூட்டத்தில் யாரோ, "செம்போத்து மாமா காக்கான்றாருப்பா!" என்றார். திதி வீடு என்றும் பார்க்காமல் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க," என்றாள் மல்லிகா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் சொல்றது நெஜம். அது வால்காக்காதான். அவரே எங்கிட்ட சொல்லிகீறாரு."

உன் அண்ணன், "அவனே சொன்னானா? அப்ப சரி, எல போடுங்க," என்றார். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் மட்டும் சுவரருகே நின்றேன். முதல் கத்தி முதுகில் இருந்தது. இது இரண்டாவது, விலாவில்.

பந்தி முடிந்தபின், கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்ண்ணா."

"ஊரே என்ன செம்போத்துன்னு கூப்டுச்சே. அப்ப நீ இன்னா பண்ண?"

"சிரிச்சேன்."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கூகக் குஞ்சு ரெண்டு இருந்துச்சே, ஞாபகம் கீதா?"

"ஏன் இல்ல? இருபத்தொன்பது. ரெண்டும் பறந்து பூட்ச்சு."

"பறக்கலண்ணா."

இனி அந்தக் கதையின் பாக்கி. நான் கூட்டிய திருவிழாவின் மூன்றாம் நாள். வெளிச்சம் அடித்து, ஏணி வைத்து ஏறி, கல்லெறிந்து முகம் திரும்ப வைத்துப் படமெடுத்ததில் தாய் கூட்டுக்கு வரவில்லையாம். குஞ்சு ஒன்று சன்ஷேடிலிருந்து விழுந்தது. இன்னொன்று மேலேயே காய்ந்துபோனது. அதையும் நீதான் ஏறி எடுத்தாயாம். இரண்டையும் உன் செருப்பு டப்பாவில் வைத்து வாழைக்கு அடியில் புதைத்தாயாம். அன்று மாலை நான் வந்து, "இன்னா ஆச்சு மாப்ளே, குஞ்சுங்கள காணோம்?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து, "பறந்து பூட்ச்சு மச்சான், ரெண்டும்," என்றாய்.

"ஒனக்கு அதச் சொல்ல அவருக்கு மனசு வர்ல," என்றாள் மல்லிகா. "இது கூடு கட்னதும், 'ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிடுவாரு'ன்னாரு. குஞ்சு பறந்ததும் சொல்லிடறேன்னாரு. பறந்துச்சு. சொல்லல. கேட்டா, அடுத்த வருசமும் வரணும்லன்னாரு. இப்பவும் மேல குஞ்சு கீதுண்ணா."

நான் வீட்டுக்கு வந்து ரிஜிஸ்தரை எடுத்தேன். இருபத்தொன்பதாம் வரிசையில், உன் கோணல் எழுத்தில், "குஞ்சு இரண்டும் பறந்தன. பார்த்தேன் - ஏ." உன் வாழ்நாளில் நீ போட்ட ஒரே பொய்க் கையெழுத்து. பிறகு அதன் கீழே பார்த்தேன். "பார்த்தேன் - கோ." என் கையெழுத்து. மாப்ளே, நான் எதைப் பார்த்தேன்? குஞ்சு பறந்ததை நான் பார்க்கவே இல்லையே! டீக்கடைக்குப் போகிற அவசரத்தில், நீ போட்டிருக்கிறாய் என்று நானும் போட்டுவிட்டேன். ஒரு திருகாணிக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

ஆக, நீ என்னிடம் சொன்ன பொய் இரண்டு. ஒன்று எனக்காக. இன்னொன்று பறவையை என்னிடமிருந்து காப்பாற்ற.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. ஒரு வார்த்தை, "மச்சான், வெளியில சொல்லாத," என்று சொல்லியிருந்தால் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க மாட்டேனா? மாட்டேன்தான். எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்த்திருக்கலாமே! முப்பத்து நாலு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவனை ஒரு தரமாவது நம்பிப் பார்த்திருக்கலாமே. குஞ்சு செத்ததைச் சொல்லித் திட்டியிருந்தால்கூட நான் உன்னோடு சேர்ந்து அந்த வாழைக்கு அடியில் குழி தோண்டியிருப்பேன். என்னைத் தனியே சிரிக்க விட்டுவிட்டு நீ தனியே தோண்டினாய். அதுதான் ஆறவில்லை.

செல்போனில் படங்கள் அப்படியே இருக்கின்றன. குரூப்பில் போடவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டைவிரல் அதன் மேல் போய் நிற்கிறது. என் மானம் அந்த ஒரு பொத்தானில் இருக்கிறது என்பது உனக்குப் புரிகிறதல்லவா?

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? திதிக்கு வந்த யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். புத்தம்புது லென்ஸோடு ஒரு ஆள் என் வாசலில் வந்து நின்றார்.

"மாமா, நீங்கதான் பறவ பாக்கறவராமே? இங்க ஏதோ நீட்டு வாலு ஒண்ணு படையலத் தின்னுச்சாமே. கூடு கீடு இருந்தா காட்டுங்களேன். எங்க ஆளுங்க ஒரு இருவது பேரு கீறோம், எல்லாத்தையும் இட்டாந்துடறேன்."

இருபது பேர்! பழைய கோதண்டத்துக்கு அங்கேயே மாலை விழுந்திருக்கும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "அடுத்த வருசமும் வரணும்ல" என்று மல்லிகா சொன்னது காதில் கேட்டது.

"அதுவா? செம்போத்து தம்பி."

"செம்போத்தா?" அவர் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல ஒரு சிரிப்பு. "ஓ, செம்போத்து மாமா நீங்கதானா?"

"நானேதான்."

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து, "கோ... கி... லா!" என்றது. அவர் தலையைத் தூக்கினார்.

"யாரு மாமா அது?"

"பின்னாடி தெருவுல ஒரு அம்மா. ஊட்டுக்காரரு கூப்டுகினே இருப்பாரு."

சொல்லிக்கொண்டே வாளியைக் காலால் உதைத்தேன். அது உருண்ட சத்தத்தில் எனக்கே நெஞ்சு ஒரு தரம் நின்றது. திரும்பி உன் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அந்த ஆள் போய் வெகு நேரம் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

இதைப் படித்துவிட்டு நாவல் மரத்தைத் தேடிப் பருத்திப்பட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அது நாவல் மரமே இல்லை. என்ன மரம் என்று கேட்டால் நாளைக்கு ஒரு மரம் சொல்லுவேன். மாப்பிள்ளையிடம் கற்றுக்கொண்ட வித்தை.

உனக்கு என் வாக்கு இது. மேலே இருக்கிற குஞ்சுகள் ஒருநாள் பறக்கும். அதுவரை ஊர் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். பறக்கும்போது சுவரோரமாக நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணி, என் கண்ணால் பார்ப்பேன். அதன் பிறகுதான் நாற்பத்திரண்டுக்கு எதிரில் "பார்த்தேன்" என்று எழுதுவேன். பார்க்காமல் இனி எழுதமாட்டேன். மேலே உன் கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டுக் கீழேதான் போடுவேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
செம்போத்து